கேட்டு வாங்கும் சந்தோஷம்

வலி கண்ட மனைவி பிரிஜாவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பெனின் அந்தப் பழைய ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது மழை பிடித்துக்கொண்டது. பிரசவ அறை கட்டிடத்தின் கடைசியில் இருந்தது. சுவரெல்லாம் ஈரம் ஏறி, பட்டப்பகலிலேயே வராந்தா இருண்டு கிடந்தது. பினாயில் நெடியையும் மீறி ஏதோ பழைய இரத்த வாடை.

மத்தியானம் உள்ளே குழந்தை அழுதது. கடலுக்குப் போய் எத்தனையோ காற்றைப் பார்த்த பெனின் கதவருகே ஓடினான்.

ஆயா சொர்ணம்மாள் கதவைப் பாதி திறந்து, தாயும் பிள்ளையும் சுகம் என்றாள். பிள்ளையைக் காட்டச் சொன்னதற்குக் கையை நீட்டினாள். சந்தோஷமாக ஏதாவது கொடுத்தால்தான் பிள்ளை வெளியே வருமாம்.

பெனினுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவள் கேட்காமல் இருந்திருந்தால் பையில் கிடந்ததையெல்லாம் அவனே அள்ளிக் கொடுத்திருப்பான்.

"சந்தோஷம்னா நான் மனசறிஞ்சு தரணும். பிள்ளையப் பிடிச்சு வச்சுக்கிட்டு கேட்டா அதுக்குப் பேரு வேற."

அவள் கதவை அவன் முகத்திலேயே சாத்தினாள். ஓங்கி ஓங்கிக் குத்தினான். மழை அந்தச் சத்தத்தை விழுங்கியது.

பிறகு மழைச் சத்தமும் நின்றுபோனது.

வராந்தாவின் கோடியில் இருந்த அறையிலிருந்து ஒருத்தி வந்தாள். ஆஸ்பத்திரிப் பச்சை அங்கி, ஈரத் தலைமுடி, வெறுங்கால். கையில் துணி சுற்றிய குழந்தை.

"உனக்க பிள்ளைதான். பாரு."

வாங்கும்போது பட்ட விரல்கள் ஐஸாகக் குளிர்ந்தன. அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது. சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்து மனமார நீட்டினான்.

அவள் பின்வாங்கினாள்.

"எனக்கிட்ட காசு கேட்டப்பம் கையில ஒண்ணுமில்ல," என்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு பேசுவதுபோல் இருந்தது. "எனக்க பிள்ளைய நான் பாக்காமலே போனேன்."

அவன் குனிந்து குழந்தையைப் பார்த்து நிமிர்ந்தான்.

யாருமில்லை.

பிரசவ அறைக் கதவு படாரென்று திறந்தது. தொட்டிலில் பிள்ளையைக் காணாமல் வெளிறிப்போய் நின்ற சொர்ணம்மாள், அது அவன் கையில் இருப்பதைக் கண்டாள். யார் தந்தது என்று கேட்டாள். பச்சை அங்கி போட்ட ஒருத்தி என்று அவன் கோடி அறையைக் காட்டினான். அதில் துருப்பிடித்த பூட்டு தொங்கியது.

"பச்சை அங்கியா?" சொர்ணம்மாள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். "அந்த அறையில கிடந்தவ செத்து வருஷம் ஒண்ணாச்சே."

"பிள்ளையக் காட்டாமலா சாகவிட்டீங்க?"

சொர்ணம்மாள் அந்தப் பூட்டையே பார்த்தாள். பெனின் அவளை இடித்துத் தள்ளாத குறையாகக் குழந்தையோடு பிரிஜாவிடம் போனான். திரும்பிப் பார்க்கவில்லை.

வராந்தாவில் சொர்ணம்மாள் மட்டும் நின்றாள்.

பூட்டிய கதவை உள்ளேயிருந்து நகத்தால் பிராண்டும் சத்தம்.

"அக்கா… எனக்க பிள்ளையக் காட்டுதியளா?"