இரவல் நெஞ்சு

செல்போன் அலறியது.

வடகறியில் தோய்த்த இட்லியை வாய்க்குள் தள்ளிவிட்டு எடுத்தார் ராஜ்மோகன். நெய்வேலி சுரங்கத்தில் டம்பர் லாரி ஓட்டுகிறவர். அன்று இரண்டாம் ஷிஃப்ட்.

"ராஜ்மோகன் சார்... உயிரோடதான் இருக்கீங்களா?"

இதய டாக்டர் கிருஷ்ணப்ரியா!

"இட்லி சாப்ட்டுகினு இருக்கேங்க டாக்டரம்மா!"

"இருக்க முடியாதே! உங்க ஹார்ட் நின்னு நின்னு ஓடுது. இந்நேரம் மயங்கிக் கிடக்கணும் நீங்க!"

"மூணாவது இட்லிங்க..."

"கீழ வைங்க அதை! அசையாம படுங்க. ஆம்புலன்ஸ் உங்க வாசலுக்கு வந்துகிட்டே இருக்கு!"

இட்லி தொண்டையிலேயே நின்றது.

அவர் மார்பில்தான் ஒன்றுமே இல்லையே!

விஷயம் இதுதான். படபடப்பு என்று போனவரின் மார்பில் தீப்பெட்டி அளவில் ஒரு கருவியை ஒட்டி அனுப்பியிருந்தார் டாக்டர். வீட்டில் இருந்தாலும் வேலையில் இருந்தாலும், இதயத் துடிப்பு நேராக டாக்டரின் செல்போனுக்குப் போய்விடும். கோளாறு என்று தெரிந்தால் டம்பர் சீட்டிலிருந்து இறக்கிவிடுவார்களே! பயந்துபோன ராஜ்மோகன், சிநேகிதன் மணிமாறனைப் பிடித்தார். ஸ்கூல் பஸ் டிரைவர். தினமும் சைக்கிள் மிதிக்கிற, டீ கூடக் குடிக்காத உடம்பு.

"உங்களுக்குன்னா நெஞ்சையே குடுப்பேண்ணே!" என்று சிரித்தபடி சட்டைப் பட்டனை அவிழ்த்தான் மணிமாறன்.

அப்படியானால்... நின்று நின்று ஓடுவது...

மணிமாறனின் இதயம்!

பஸ் நிறையப் பிள்ளைகள்...!

உண்மையைச் சொன்னால் டம்பர் சீட் போய்விடும். சொல்லாவிட்டால்?

முருகா! ராஜ்மோகன் கண்ணை மூடித் திறந்தார்.

"டாக்டரம்மா... நான் ஃப்ராடு! மெஷின் என் மேல இல்ல. டிரைவர் மணிமாறன் மேல ஒட்டிட்டேன். அவன் இப்ப ஸ்கூல் பஸ் ஓட்டிகினு இருக்கான்!"



"பஸ்ஸை நிறுத்துங்க! எங்க நிக்குதுன்னு சொல்லுங்க, ஆம்புலன்ஸைத் திருப்பறேன். திட்டறதை அப்புறம் வச்சுக்கறேன்!"

மணிமாறனின் செல்போன் அணைந்திருந்தது. வண்டி ஓட்டும்போது போனைத் தொடாத நல்லவன்!

ஆனால் அதே பஸ்ஸில்தான் போகிறாள், தமிழ் டீச்சர் உமாராணி. ராஜ்மோகனின் மனைவி!

"உமா, பஸ்ஸை நிறுத்து!"

"ஏன், வூட்டுச் சாவியத் தொலைச்சிட்டீங்களா?"

"மணிக்கு ஹார்ட் நிக்கப் போவுது! அவங்கிட்ட சொல்லாத, பயந்துடுவான். வாந்தி வருதுன்னு சொல்லு!"

"டீச்சர் வாந்தி எடுத்தா பசங்க வருஷம் பூரா ஓட்டுவானுங்க!"

"உன் கால்ல வேணா விழறேன்... எடு உமா!"

'உவ்வே' என்று ஒரு சத்தம். பிள்ளைகளின் 'ஹோ!'. பிரேக்கின் கிறீச்!

அப்புறம்...

பாஆஆஆம்!

ஹாரன் நிற்கவேயில்லை.

"ஐயோ, மணி ஸ்டீரிங் மேல சாஞ்சுட்டான்ங்க! தண்ணி டேங்க் கிட்ட நிக்கிறோம்!"

ராஜ்மோகன் டாக்டருக்குச் சொன்னார். ஆம்புலன்ஸ் திரும்பிப் பறந்தது.

இரண்டு நாள் கழித்து...

தொடையின் ரத்தக்குழாய் வழியே ஏற்றி, இதயத்துக்குள்ளேயே வைத்த மாத்திரை அளவு பேஸ்மேக்கர். நெஞ்சில் ஒரு தையல்கூட இல்லை. கட்டிலில் உட்கார்ந்து சிரித்தான் மணிமாறன்.

"நீங்க ஃப்ராடு பண்ணலைன்னா, இந்த வியாதி இருக்கறதே எனக்குத் தெரிஞ்சிருக்காதுண்ணே!"

ராஜ்மோகனுக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த இரண்டு நாளும் கருவி அவர் மார்பிலேயே ஒட்டியிருந்தது.

"சொல்லிடுங்க டாக்டரம்மா... என் சீட் போச்சா?"

கிருஷ்ணப்ரியா செல்போனை உற்றுப் பார்த்தார்.

"உங்க ஹார்ட்டுல ஒரு கோளாறும் இல்லை! ஸ்ட்ராங் காப்பியைக் குறைங்க, படபடப்பு போயிடும். ஆச்சரியமா இருக்கு சார்... இந்த வயசுல புத்தம் புதுசு மாதிரி இருக்கு!"

உமாராணி சொன்னாள்:

"இருக்காதா டாக்டர்? முந்தாநாள்தான முதல் தடவையா அதை எடுத்து யூஸ் பண்ணாரு!"