அந்த நம்பரின் பெயர் பாண்டி

மிளகு மூட்டைகளின் மேல் மல்லாந்து கிடந்தான் சுப்புராஜ்.

தொண்டைக்குழியில் மூட்டை தூக்கும் இரும்புக் கொக்கி!

முதலில் பார்த்தவன் தம்பி இசக்கிதுரை. அலறினான். பிறகு அண்ணனின் விறைத்த விரல்களிலிருந்து செல்போனை உருவி இடுப்பில் செருகிக்கொண்டான்.

போலீஸ் வந்தது. உடலை எடுத்துப் போனது. போனைப் பற்றி அவன் மூச்சு விடவில்லை.

கடைசி அழைப்பு... பெயரில்லாத ஒரு நம்பர். விடிந்தும் விடியாததுமாக அண்ணனை இந்த மட்டாஞ்சேரி குடோனுக்குத் தனியே வரவழைத்த நம்பர்.

அது யாருடையது? அவனைக் கொன்றே தீர வேண்டும்.

இசக்கி கொச்சிக்குப் புதியவன். அண்ணனை நம்பி சங்கரன்கோவிலிலிருந்து சுமை தூக்க வந்தவன். இப்போது அவனுக்கு மிச்சமிருந்த ஒரே துணை, அண்ணனோடு வேலை பார்த்த செல்லப்பா.

செல்லப்பாதான் வழி சொன்னான். இலவச ஆப் எல்லாம் வேலைக்கு ஆகாதாம். காசு கட்டினால் எந்த நம்பருக்கும் பேர் சொல்லும் சைட் ஒன்று இருக்கிறதாம். தன் போனிலேயே பணத்தைக் கட்டி, நம்பரைத் தட்டி, போனை இசக்கியிடம் நீட்டினான்.

வட்டம் சுற்றியது... சுற்றியது... நின்றது.

'பாண்டி. மட்டாஞ்சேரி.'

"அருண்பாண்டி," என்றான் செல்லப்பா மெல்ல. "பொரோட்டா மாஸ்டர்."

இசக்கிக்கு ஆளைத் தெரியும். தங்கை செல்வலட்சுமியைப் பெண் கேட்டு வந்தவன் அவன். அதற்காகப் போன வாரம்தான் சுப்புராஜ் அவனை நடுத்தெருவில் செருப்பால் அடித்திருந்தான்.

"போலீஸ்ல சொல்லிருவமாண்ணே?"

"சொல்லு. அதுக்குள்ள அவன் ஆலுவா போயி ரயிலேறிருவான். பின்னே ஊர்ல தங்கச்சி முகத்துல எப்பிடி முழிப்பே?"

இசக்கி ஒரு கொக்கியை எடுத்தான்.

மதிய வியாபாரம் ஓய்ந்திருந்தது. ஓட்டல் பின்கட்டில் அருண்பாண்டி தனியாக நின்று பொரோட்டாக் கல்லைச் சூடேற்றிக்கொண்டிருந்தான்.

முதுகில் ஓர் உதை! மாவுத் தட்டோடு சரிந்தவனின் வலது கையை முறுக்கி, கொதிக்கும் கல்லில் அழுத்தினான் இசக்கி.

சொர்ர்ர்...

சதை கருகும் நாற்றம். அருண்பாண்டியின் அலறலை இசக்கியின் முழங்கை வாயிலேயே அடைத்தது.

"எங்கண்ணன ஏம்லே கொன்னே?"

"சுப்புராஜையா? நான் எதுக்குலே..."

"காசு கட்டிப் பாத்தாச்சு. உன் பேருதான் வருது. பாண்டி."

"பேச்சென்ன, போட்டுத் தள்ளு," என்றான் வாசலை மறித்து நின்ற செல்லப்பா.

கொக்கி உயர்ந்தது. அருண்பாண்டி... சிரித்தான். கண்ணீரோடு சிரித்தான்.

"கோட்டிக்காரப் பயலே. இங்க பாண்டின்னா பேரு இல்லலே. தமிழன்னு அர்த்தம். மத்தவன் போன்ல சேவ் பண்ணி வெச்ச பேரத்தாம்லே அந்த சைட்டு காட்டும். சேட்டன்மாரு நம்மள எவனையாவது பேரு போட்டு சேவ் பண்ணியிருக்கானா? உங்கண்ணன் நம்பரத் தட்டிப் பாரு."

இசக்கி கொக்கியைக் கக்கத்தில் இடுக்கி, தன்னிடமே இருந்த செல்லப்பாவின் போனில் ஒற்றைக் கையால் தட்டினான்.

வட்டம் சுற்றி நின்றது.

'பாண்டி. மட்டாஞ்சேரி.'

பிணவறையில் கிடக்கும் அண்ணன், திரையில் பாண்டியாக வந்து நின்றான். இசக்கியின் பிடி தளர்ந்தது.

அருண்பாண்டி பொசுங்கிய கையை மார்போடு அணைத்துக்கொண்டான். இடது கையால் தன் பழைய போனை எடுத்து நீட்டினான்.

"அந்தக் கொலைகார நம்பரை இதுல அடி. இது காசு கேக்காது."

இசக்கி அடித்தான். எண்கள் முடியும் முன்பே பெயர் வந்து விழுந்தது.

'பார்சல் செல்லப்பா.'

"டெய்லி பொரோட்டா பார்சல் சொல்ற நம்பருலே அது..."

இசக்கி திரும்பினான். தாமதம்! செல்லப்பாவின் கொக்கி அவன் தோளில் இறங்கியது. ரத்தம் சுவரில் தெறித்தது.

"பொரோட்டா அடிக்கிறவன் நம்பர் சேவ் பண்ணி வெப்பான்னு எவன் கண்டான்," என்று பல்லைக் கடித்தான் செல்லப்பா. "ஏலக்கா மூட்டை கடத்துனதை உங்கண்ணன் பாத்துட்டான். நேத்தே, உங்க ரெண்டு பேருக்கும் தெரியாத என் இன்னொரு சிம் நம்பரை அந்த சைட்டுல போட்டுப் பாத்தேன். பாண்டின்னு வந்துச்சு. அப்பவே முடிவு பண்ணிட்டேன், சாக ஒரு பாண்டி, மாட்ட ஒரு பாண்டி."

அடுத்த வீச்சு இசக்கியின் கழுத்துக்கு!

பாதி வழியில் அருண்பாண்டியின் இரும்புச் சட்டுவம் குறுக்கே பாய்ந்தது. மணிக்கட்டு எலும்பு முறியும் சத்தம். கொக்கி தெறித்தது. இசக்கி அவன் பிடரியைப் பற்றினான்... கல்லில் அறைந்தான்.

செல்லப்பாவின் கன்னம் கல்லோடு ஒட்டியது!

அவன் போட்ட கூச்சல் படகுத்துறை வரை கேட்டிருக்கும்.

போலீஸ் ஜீப் வரும்வரை இருவரும் சுவரில் சாய்ந்து கிடந்தார்கள். ஒருவனுக்குத் தோள் கிழிந்திருந்தது. ஒருவனுக்குக் கை வெந்திருந்தது. மயங்கிக் கிடந்த செல்லப்பாவின் இரண்டு கைகளும் கயிற்றில்.

அவனுடைய போன் இசக்கியின் மடியில் கிணுங்கியது.

"என்னலே அது?" என்றான் அருண்பாண்டி.

"அந்த சைட்டுதான். சேவை திருப்தியா, எத்தனை ஸ்டார்னு கேக்கான்."

அருண்பாண்டி வெந்த கையை ஊதிக்கொண்டே யோசித்தான்.

"ஆளு தப்பு. ஊரு கரெக்ட்டு. ரெண்டரை ஸ்டார் போட்டு விடு, மச்சான்."