செண்பகவல்லியின் உமிழ்நீர்

காலை ஐந்து இருபதுக்கு இசக்கிமுத்துவின் குப்பி சிவந்தது.

கோவில்பட்டிப் பணிமனையில் பஸ் எடுக்கும் முன் ஓட்டுநர்கள் எல்லோரும் உமிழறியில் குப்பியைச் செருக வேண்டும். ஒரு சொட்டு எச்சிலில் உடம்பு முழுவதையும் படித்துவிடும் எந்திரம் அது. ஈரல், சிறுநீரகம், இதயம், இன்னும் வலிக்க ஆரம்பிக்காத கட்டி. பச்சை எரிந்தால்தான் சாவி. பல் விளக்குமுன் எடுத்த எச்சில்தான் செல்லும் என்பதால் குப்பியை வீட்டிலேயே நிரப்பிக்கொண்டு வருவார்கள். மரபணுவை மட்டும் அது தொடாது. தொட்டால் ஆளின் சாதியைத் தோண்டிவிடுவார்கள் என்று சட்டம் தடுத்திருந்தது. ஆகவே என்ன நோய் என்று அதற்குத் தெரியும். யாருக்கு என்று தெரியாது.

எட்டு மாதமாக அந்தக் குப்பியில் துப்பியது அவன் மனைவி செண்பகவல்லி.

அவனுடைய இதயத்தில் கோளாறு என்று வெளி மருத்துவர் ஒருவர் சொல்லியிருந்தார். உமிழறிக்குத் தெரிந்தால் வேலை போகும். யோசனை அவளுடையதுதான். முதுகுக்குப் பின்னால் அறுபது பேர் உட்கார்ந்திருப்பதை அவன் நினைக்காமல் இல்லை. பிள்ளைகளையும் நினைத்தான்.

“கல்யாணமான புதுசுல நான் வாய் வச்ச டம்ளரத் தொடமாட்டீக. இப்ப என் எச்சில்லதான் உங்க பொழப்பே ஓடுது” என்று குப்பியை மூடும்போதெல்லாம் சிரிப்பாள்.

பணிமனை மருத்துவர் ஃப்ளாரன்ஸ் அவனை உட்காரவைத்தார். கணையத்தில் கட்டி, மிளகளவுதான் என்றார். மூன்று வாரம் மருந்து ஏற்றினால் கரைந்துவிடும். ஆறு மாதம் விட்டிருந்தால் யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது. கொடுத்துவைத்தவர் நீங்கள் என்றார்.

வீட்டில் இருப்பவர்களின் எச்சிலை யாரும் கேட்பதில்லை. அது வேலைக்குப் போகிறவர்களுக்கான எந்திரம்.

“டாக்டர், இது என் எச்சில் இல்ல.”

எல்லாவற்றையும் சொன்னான். அவர் கணினியிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

“இத எழுதுனா உங்க வேலை போகும். அதோட குடும்பத்துக்கே இலவசமா வைத்தியம் பாக்குற சீட்டும் போகும்.”

“எழுதலேன்னா மருந்த எனக்குல்ல ஏத்துவீக.”

மருத்துவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“நான் ஒம்பது மணிக்குத்தான் எழுதுவேன். அதுக்குள்ள அவங்கள கூட்டிட்டு வந்து உங்க சீட்டுலயே ஆஸ்பத்திரில சேத்துருங்க. சீட்டு போனாலும் ஆரம்பிச்ச வைத்தியத்த நடுவுல நிறுத்தக் கூடாதுன்னு விதி இருக்கு.”

வெளியே அவனுடைய பஸ்ஸை வேறு ஒருவர் பின்னுக்கு எடுத்துக்கொண்டிருந்தார். இனி அது அவன் பஸ் இல்லை. இசக்கிமுத்து வேப்பமரத்தடியில் நின்று வீட்டுக்குப் போன் போட்டான். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள். பின்னால் குக்கர் சத்தம் கேட்டது.

“என்ன, இன்னும் வண்டி எடுக்கலயா? நான் பாஸா?”