கிழக்கே சூசைமாணிக்கம் வீடு

விடிந்ததும் செவ்வாய் கிரகத்தின் குலசைக் குடியிருப்பில் வீடுகளெல்லாம் எழுந்து நின்றன. ஆறு கால்களையும் ஊன்றி எழுந்து, முதுகில் படிந்த சிவப்புப் புழுதியை உதறிவிட்டு, மறுபடி உட்கார்ந்தன. உதறாத வீடு ஒரே வாரத்தில் மண்மேடாகிவிடும் என்பதால், அந்த ஊரில் கால்வீடு தவிர வேறு வீடு கிடையாது. உள்ளே இருப்பவர்கள் அந்த நேரத்தில் காபி டம்ளரைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார்கள்.

அன்று நயினார் வீட்டில் மட்டும் காபி கொட்டியது. டம்ளரைப் பிடிக்க யாருக்கும் நினைவில்லை. நயினாரும் அவர் மனைவி பிரம்மசக்தியும் சாயங்காலக் கப்பலில் பூமிக்குப் புறப்படுகிறார்கள். குலசேகரன்பட்டினத்தில் மகளுக்கு எட்டாம் மாதம், தலைப்பிரசவம். பயணம் ஒரு மாதம்தான். ஆனால் இந்தக் கப்பலை விட்டால் அடுத்தது இரண்டு வருஷம் கழித்து.

ஒரே ஒரு வேலை பாக்கி. கூரையும் காற்றும் அரிதான ஊர் அது. வீட்டைத் தன் பெயரில் வைத்துக்கொண்டு யாரும் கப்பல் ஏற முடியாது. பள்ளிக்கூட டீச்சர் ஃபௌசியா வீட்டை வாங்கச் சம்மதித்திருந்தாள். பத்திரம் முடிக்கப் பதிவனும் வந்துவிட்டது. பதிவன் என்பது பதிவு எந்திரன். எதையும் நேரில் பார்க்காமல் முத்திரை குத்தாது. அது வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்து நின்றது.

"பத்திரத்தில் கிழக்கே சூசைமாணிக்கம் வீடு, மேற்கே பொதுப்பாதை என்று இருக்கிறது. இங்கே மேற்கில்தான் சூசைமாணிக்கம் வீடு. கிழக்கில் வெறும் மண். நீங்கள் விற்கும் வீடு இந்தக் கிரகத்திலேயே இல்லை."

"இல்லையா? பன்னெண்டு வருசமா இதுக்குள்ளதானய்யா குடியிருக்கேன்!" என்று கத்தினார் நயினார்.

காதுக்கருவியில் சத்தம் கேட்டுக் காற்றுச்சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார் பக்கத்து வீட்டு சூசைமாணிக்கம். பதிவனின் கையிலிருந்த பத்திரத்தை எட்டிப் பார்த்தார். "என்ன அண்ணாச்சி, என் எடத்துல உக்காந்துகிட்டு விக்கவா பாக்கீய?"

நடந்தது இதுதான். காலையில் வீடு உதறி உட்காரும்போது, சூசைமாணிக்கம் தன் வீட்டை அரையடி நயினார் பக்கம் தள்ளி உட்கார வைப்பார். மறுநாள் நயினார் தன் வீட்டை அரையடி அந்தப் பக்கம் தள்ளுவார். சுற்றிலும் ஒரு கிரகமே கேட்பாரற்றுக் கிடந்தது. அதில் ஒரு சாண்கூட இருவருக்கும் வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரன் இடம்தான் வேண்டும். ஆனால் கால்வீடுகளில் விலகுணர்வி என்று ஒன்று உண்டு. வீடுகள் முட்டிக்கொள்ளும்படி நெருங்கினால் அது ஓரமாக ஒதுக்கிவிடும். இப்படி ஒதுங்கி ஒதுங்கி, பன்னிரண்டு வருஷத்தில் இரண்டு வீடும் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு இடம் மாறிவிட்டன. இருவர் கண்ணும் நடுவிலிருந்த சந்தின் மேலேயே இருந்ததால், ஆசைப்பட்ட இடம் முழுசாகக் கைக்கு வந்ததுகூட அவர்களுக்குத் தெரியவில்லை. இந்த லட்சணத்தில்தான் நாம் வேறு கிரகம் பிடித்தோம்.

"இரண்டு வீடும் பழைய இடத்துக்கு நடந்துபோய் உட்காரட்டும். உடனே பதிந்து தருகிறேன்" என்றது பதிவன். ஐந்து நிமிட வேலை.

"அவரு மொதல்ல நவரட்டும்" என்றார் நயினார்.

"நான் எதுக்கு? மொதல்ல நவந்தா தப்பு எம்மேலன்னு ஆயிரும்லா!" என்றார் சூசைமாணிக்கம்.

மத்தியானம் வரை இதே பேச்சு. கப்பலின் முதல் அழைப்பு எல்லோர் காதிலும் ஒலித்தது. பிரம்மசக்திக்கு ஆத்திரம் பொங்கியது.

"எம்மவ அங்க வயித்தத் தள்ளிக்கிட்டு வழி பாத்துக்கிட்டு இருக்கா. நீங்க ரெண்டு பேரும் அரையடியக் கட்டிக்கிட்டு அழுங்க!"

உள்ளே போய் வீட்டை நடக்க வைக்கும் நடைப்பிடியை முறுக்கினாள். வீடு துள்ளி எழுந்து, பாத்திரமெல்லாம் உருள, சூசைமாணிக்கம் வீட்டைப் பார்த்து நேராக ஓடியது. அந்த வீட்டின் விலகுணர்வி பதறிப்போய் அதை எழுப்பி, ஓரமாகச் சுற்றி எதிர்ப்பக்கம் ஓட்டியது. "ஏ மதினி! நில்லுங்க மதினி!" என்று தன் வீட்டின் பின்னாலேயே ஓடினார் சூசைமாணிக்கம். புழுதி அடங்கியபோது கிழக்கு கிழக்கில் இருந்தது, மேற்கு மேற்கில் இருந்தது. பதிவன் முத்திரை குத்தியது. ஃபௌசியா கை தட்டினாள்.

கணவனும் மனைவியும் ஓட்டமாக ஓடிக் கடைசி அழைப்பில் கப்பல் ஏறினார்கள். பெல்ட்டைப் போட்டதும் பிரம்மசக்தி சந்தோஷம் தாங்காமல் அழுதாள். பேரப்பிள்ளையைக் கையில் ஏந்தியது போலவே இருந்தது அவளுக்கு.

அப்போது நயினாரைக் காதுக்கருவியில் ஃபௌசியா அழைத்தாள். "அண்ணாச்சி, நல்லபடியா ஏறிட்டீங்களா? ஒண்ணுமில்ல, சூசையண்ணன் வீடு இப்ப எந்திரிச்சு உக்காந்துச்சு. இந்தப் பக்கம் அரையடி வந்த மாதிரி இருக்கு."

நயினார் பெல்ட்டைக் கழற்றிவிட்டு எழுந்தார். "கதவத் தொறங்க!"

"ஏங்க, உக்காருங்க!" என்று பிரம்மசக்தி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

பணியெந்திரன் ஓடி வந்தது. "ஐயா, ஒருவர் நின்றாலும் கப்பல் கிளம்பாது. அது யாருடைய வீடு?"

"என் வீடுதான். இப்பதான் வித்தேன்."

"விற்ற வீட்டில் உங்களுக்கு என்ன?"

"வித்துட்டா? அதுக்காக விட்டுர முடியுமாய்யா?"

"அதானே!" என்று பின்வரிசையில், அவரவர் வீட்டை விற்றுவிட்டு ஏறியிருந்த நாலைந்து பேர் பெல்ட்டைக் கழற்றினார்கள்.