இடிக்குப் பதில் ஆடு

பள்ளி நாடகத்தின் கடைசி ஒத்திகையில் ராஜா கோபத்தோடு காலைத் தரையில் ஓங்கி மிதித்தார். அந்த நொடியில் இடி இடிக்க வேண்டும். மேடை ஓரத்தில் இருந்த குருவி என்ற மாணவி, மடிக்கணினியில் ‘இடி’ பொத்தானை அழுத்தினாள்.

“மே...” என்று ஆடு கத்தியது.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ராஜாவும் கிரீடத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். குருவி மட்டும் அந்தப் பொத்தானையே பார்த்தாள்.

நாடகத்துக்கான ஒலிகளை எல்லாம் கணினியில் வரிசையாக வைத்து, அவற்றை இயக்கும் நிரலை எழுதியவள் அவள்தான். முதலில் மணி, அடுத்து ஆடு, மூன்றாவது இடி. ‘இடி’ பொத்தானை அழுத்தினால் மூன்றாவது ஒலியை எடு என்று எழுதியிருந்தாள். நேற்றுவரை சரியாகத்தானே வேலை செய்தது?

வெளியே பெற்றோர்கள் வந்து உட்காரும் சத்தம் கேட்டது. சரியாகவில்லை என்றால் ஒலியே இல்லாமல் நடத்திவிடலாம் என்று நாடக டீச்சர் சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று குருவிக்குத் தோன்றியது.

அவசரமாக வரிசையைத் திறந்து பார்த்தாள். மணி, சேவல், ஆடு, இடி. நடுவில் இந்தச் சேவல் எப்படி வந்தது?

பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். காவலாளி வேடத்தில், ஒட்டுமீசையோடு, அவள் தோழி வாலு நின்றாள்.

“நான்தான் போட்டேன்டீ. திரைக்குப் பின்னாடி நின்னா எப்போ உள்ளே வரணும்னே தெரியலை. சேவல் கூவினா வந்துடலாம்னு நினைச்சேன். உன்கிட்ட சொல்லத்தான் வந்தேன், அதுக்குள்ள ஒத்திகை ஆரம்பிச்சுடுச்சு.”

குருவிக்குக் கோபம் மூக்கு நுனிவரை வந்தது. சேவலை அழித்துவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். ஒரு நொடி வேலை. ஆனால் வாலுவின் மீசை நடுங்கிக்கொண்டிருந்தது. போன ஒத்திகையில் பாதிக் காட்சி முடிந்த பிறகு அவள் உள்ளே ஓடிவந்ததும் நினைவுக்கு வந்தது.

“அழிச்சுடவா?” என்று வாலு மெல்லக் கேட்டாள்.

 அதற்குள் டீச்சர், நாடக முடிவில் வணங்குவதை ஒருமுறை பழகுவதற்காக எல்லோரையும் வரிசையில் நிற்கச் சொன்னார். வாலு ஓடிப்போய் மந்திரிக்கு அடுத்து நுழைந்துகொண்டாள்.

“மூணாவது ஆள், கிரீடம் கோணலா இருக்கு பாரு” என்றார் டீச்சர், வரிசை மாறியதைக் கவனிக்காமலே.

மூன்றாவதாக நின்ற இடையன் தன் தலையைத் தடவிப் பார்த்தான். அங்கே கிரீடம் இல்லை, ஒரு துண்டுதான் இருந்தது.

“நீ இல்லப்பா. ராஜா, உன்னைத்தான்.”

நாலாவதாக நின்ற ராஜா உடனே கிரீடத்தை நேராக்கினார்.

குருவி அப்படியே நின்றாள். யாராவது நடுவில் புகுந்தால் இடம் மாறுகிறது. பெயர் மாறுவதில்லையே!

மடிக்கணினி முன் உட்கார்ந்தாள். வரிசையில் இருந்த ஒவ்வொரு ஒலிக்கும் ஒரு பெயர் வைத்தாள். சேவலுக்கும் ஒரு பொத்தான் சேர்த்தாள். ‘மூன்றாவதை எடு’ என்ற இடத்தில் ‘இடியை எடு’ என்று மாற்றினாள். விரல் தடுமாறி, ஒருமுறை ‘இடி’ ‘இட்’ ஆனது. அழித்துவிட்டுத் திரும்ப எழுதினாள். நாடக முடிவுக்கான பகுதியை மட்டும் அவள் தொடவில்லை. அங்கே ஒவ்வொருவராக வணங்கும்போது முதல் ஒலியிலிருந்து கடைசி ஒலிவரை வரிசையாகத்தான் வர வேண்டும். அதற்கு எண்தான் வசதி.

சோதித்துப் பார்க்க நேரமில்லை. திரை விலகிவிட்டது.

ராஜா காலை ஓங்கினார். குருவி கண்ணை இறுக மூடிக்கொண்டு பொத்தானை அழுத்தினாள்.

இடி இடித்தது. முன்வரிசையில் ஒரு குழந்தை அம்மா மடிக்குத் தாவியது.

பிறகு, காவலாளி நுழைய வேண்டிய இடத்தில் குருவி பொத்தானை அழுத்த, சேவல் கூவியது. வாலு ஈட்டியோடு, சரியான நேரத்தில், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்து வந்தாள்.

முடிவில் ஒவ்வொருவராக முன்னால் வந்து வணங்கினார்கள். மந்திரிக்கு மணி, காவலாளிக்குச் சேவல், இடையனுக்கு ஆடு, ராஜாவுக்கு இடி. ஒன்றும் பிசகவில்லை.

கைதட்டல் ஓயவே இல்லை. குருவி மடிக்கணினியை மூடினாள். அப்போதுதான், காலையிலிருந்து எதுவுமே சாப்பிடவில்லை என்பது அவளுக்கு நினைவு வந்தது.