ஞாயிறு மட்டும் சரியான சர்க்கரை

ஆறு மணிக்கு எழுந்தான். பல் தேய்த்தான். ஒரு ஆளுக்குப் பால் காய்ச்சினான். கொஞ்சம் பொங்கி வழிந்தது, துடைத்தான். சட்டைக்கு இஸ்திரி போட்டான். பிறகு மனைவி தினமும் சர்க்கரை அளவை எழுதிவந்த குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு நீரிழிவு ஆய்வு மையத்துக்குப் போனான்.

ஆய்வில் சேர்ந்தவர் யாராவது இறந்தால் விசாரிப்பதற்கென்றே அங்கே ஒரு டாக்டர் இருந்தார். அவர் மேசையில் குறிப்பேட்டை வைத்தான்.

"உங்க புது மாத்திரைதான் அவளக் கொன்னுச்சா? அது மட்டும் தெரிஞ்சா போதும்."

"மாத்திரையேதான்," என்றார் பக்கத்திலிருந்த நர்சம்மா. எந்த வழக்கிலும் முதல் ஆளாகக் குற்றவாளியைப் பிடித்துவிடுபவர். "பாருங்க டாக்டர், தினமும் காலையில முந்நூறு."

"போன மாசம் வீட்டுக்காரர்தான்னு சொன்னீங்க."

"அது வேற கேஸ் டாக்டர்."

டாக்டர் பக்கங்களைப் புரட்டினார். "இவங்க இறந்தது சர்க்கரை இறங்கி. நம்ம லேப்ல எடுத்த மூணு மாசச் சராசரியும் குறைவு. வீட்டுக் கருவி மட்டும் முந்நூறுங்குது."

அவனுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஏறியதா, இறங்கியதா?

"கருவி கெட்டுப்போச்சு," என்றார் நர்சம்மா, விடாமல்.

"கெட்ட கருவி எல்லா ஞாயித்துக்கிழமையும் சரியா நூத்துப்பத்து காட்டுமா?" டாக்டர் அவன் பக்கம் திரும்பினார். "ஞாயித்துக்கிழமை காலையில உங்க வீட்டுல எது நடக்காது தம்பி?"

யோசித்தான். "நான் ஆபீஸ் போக மாட்டேன். அவ டப்பா கட்ட வேண்டாம்."

"டப்பாவுல என்ன இருக்கும்?"

"சோறு. ஒரு ஆரஞ்சு."

"உரிச்சதா, முழுசா?"

அவன் குறிப்பேட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

நர்சம்மாவின் பையிலேயே ஒரு ஆரஞ்சு இருந்தது. டாக்டர் அவரையே அதை உரிக்கச் சொல்லி, கழுவாத விரலைக் குத்தினார். இருநூற்றுத் தொண்ணூறு.

"ஐயோ, எனக்கும் சர்க்கரையா?"

"கையைக் கழுவிட்டு வாங்க."

தொண்ணூற்றாறு.

"விரல்ல பழச்சாறு இருந்தா கருவி அதையும் சேத்து எண்ணும்," என்றார் டாக்டர். "அந்த எண்ணைப் பாத்து அவங்க மாத்திரையோட போட்டுக்கிற இன்சுலின் ஊசியைக் கூட்டிப் போட்டிருக்காங்க. ஒரு நாள் உடம்பு தாங்கல. கை கழுவிட்டுக் குத்தணும்னு நாங்க கொடுத்த தாள்ல ஒரு வரி இல்ல. தப்பு எங்களது. ஆனா பழத்தை உரிச்சது அவங்கதான்னு உறுதியாத் தெரியணும். அன்னைக்குக் கடைசியா என்ன சொன்னாங்க?"

கேட்டவர்களுக்கெல்லாம் 'பாத்துப் போயிட்டு வா' என்றாள் என்றே சொல்லிவந்தான். அது ஊருக்குச் சொன்னது. உண்மையில் அவள் கதவருகே டப்பாவை நீட்டிக்கொண்டு சொன்னது வேறு.

"இன்னைக்கும் உரிச்சே வச்சிருக்கேன், சோம்பேறி. முழுசா வச்சா அப்படியே திரும்பி வருது."