தொலைந்த நான்கு நீலக்கற்கள்

பாப்பிரெட்டிப்பட்டியில் உரக்கடைக்கு மேலே இருந்த அந்த அறைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் மாப்பிள்ளை வீட்டைப் பற்றி விசாரிக்கச் சொல்வார்கள். அன்று தூறலில் நனைந்து வந்த அமுதவல்லி, ஆகாயத்தில் நடந்த ஒரு திருட்டைப் பற்றிச் சொன்னாள்.

"நாலு நீலக்கல்லைக் காணோமுங்க. கையில தொட முடியாத கல்லுதான். ஆனா அதுக்காக ஒரு பொண்ணை ஒதுக்கி வைக்கப் போறாங்க."

துப்பறிவாளர் சோபனா துண்டை எடுத்து அவளிடம் நீட்டினார். "தலையைத் துவட்டிட்டு மொதல்ல இருந்து சொல்லுங்க."

அது 'மேகக்கடல்' என்ற இணைய விளையாட்டு. அதில் தரையே இல்லை; மேகம்தான் கடல். நாட்டின் பல மூலைகளில் இருந்தும் விளையாடுகிறவர்கள் அங்கே பரிசல் போன்ற வட்டப் படகுகளைக் கட்டி மேகத்தின் மேல் மிதப்பார்கள். அமுதவல்லியின் குழுவில் பத்துப் பேர். வருகிற ஞாயிற்றுக்கிழமை கிழக்கே ஒரு தீவு திறக்கப் போகிறது. ஆளுக்கொரு படகில் போவதாகத் திட்டம். படகுக்கு நீலக்கல் வேண்டும். அந்தக் கல் விளையாட்டுக்குள் மழை பெய்யும் பருவத்தில் மட்டுமே விழும். அந்தப் பருவம் முடிந்துவிட்டது.

"ஒரு படகுக்குப் பன்னெண்டு கல்லு. கட்டும்போது கொஞ்சம் உடைஞ்சு கழிவாப் போகும். எங்கள்ல ஜெயபிரியாவுக்குத்தான் கைத்திறன் அதிகம். அவ கட்டினா நூறு கல்லுக்கு அஞ்சுதான் கழிவு. பத்துப் படகுக்கு நூத்தி இருவது, கழிவு ஆறு. சரியா நூத்தி இருவத்தாறு கல்லு அவகிட்டக் குடுத்தோம். தினம் காலையில ஒரு படகு அனுப்பினா. ஒன்பது வந்துச்சு. பத்தாவதுக்குப் பதிமூணு கல்லு இருக்கணும், ஒன்பதுதான் இருக்குது."

"பத்தாவது படகு யாருக்கு?"

"அவளுக்குத்தானுங்க."

சோபனாவின் உதவியாளர் முனிராஜ் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். "அவங்க போனை வேற யாராவது எடுப்பாங்களா?"

"தம்பி முருகேஷ் எடுப்பான். ஜெயபிரியா தர்மபுரியில நர்சிங் படிச்சு முடிச்சுட்டு, அவங்கம்மா தவறின பின்னாடி, போன மாசந்தான் சித்தேரிக்கே திரும்பினா. வூட்ல ரெண்டு பேருந்தான். கேட்டா, 'நானே பொறுப்பு'ன்னு ஒரே வார்த்தை. வேற எதுவும் பேச மாட்டேங்கறா."

"தம்பிதான் எடுத்து வித்திருக்கான். அக்கா காப்பாத்தறாங்க" என்றார் முனிராஜ்.

"இருக்கலாம். ஆனா திருட வந்தவன் நாலோட ஏன் நிறுத்தினான்? அத்தனை கல்லும் அங்கதானே இருந்துச்சு" என்ற சோபனா அமுதவல்லியைப் பார்த்தார். "அந்த விளையாட்டுல அரைக் கல் உண்டா?"

"இல்லீங்க. முழுக் கல்லுதான்."

சோபனா ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தார். மலை இருந்த இடத்தில் வெறும் வெண்மைதான் தெரிந்தது. "பஸ் எப்போ?" என்றார்.

மூவரும் மலைப் பேருந்தில் ஏறினார்கள். மேலே போகப் போக மூடுபனி ஜன்னலுக்குள் வந்து மடியில் உட்கார்ந்தது. மரங்கள் ஒவ்வொன்றாக உருவாகி, ஒவ்வொன்றாகக் கரைந்தன. தான் திரையில் மிதக்கும் இடம் இதுதானோ என்று அமுதவல்லிக்குத் தோன்றியது. முனிராஜின் போன் அடிவாரத்தைத் தாண்டியதும் ஊமையாகிவிட்டது. சித்தேரிக்குச் சற்று முன்னால், ஒரு வளைவில், திடீரென்று நான்கைந்து செய்திகள் சேர்ந்தாற்போல் வந்து விழுந்தன. அடுத்த நொடி மறுபடி அமைதி.

சோபனா அந்த வளைவைத் திரும்பிப் பார்த்தார். சாலையோரப் பாறையொன்று, ஆள் உட்கார்ந்து உட்கார்ந்து வழவழவென்று இருந்தது.

ஊரில் இறங்கி ஜெயபிரியாவை வீட்டிலும், முருகேஷைச் சாமைக்காட்டிலும் கண்டுபிடித்தார்கள். ஒரு வாரமாக அவன் காட்டுக் குடிசையிலேயே படுத்திருந்தான். அக்காவும் தம்பியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. சோபனா எல்லோரையும் அந்தப் பாறைக்கே நடத்திக்கொண்டு வந்தார்.

"ஜெயபிரியா, உங்க ஊர்ல சிக்னல் இங்க மட்டுந்தானே?"

"ஆமாங்க. அதுவும் பனி ஏறினா போயிரும்."

"பத்துப் படகையும் ஒரே வேலையாக் கட்டினா எவ்வளவு நேரம் ஆகும்?"

"அரை நாளுக்கு மேல ஆகுங்க. நடுவுல சிக்னல் போனா வேலை ரத்தாயிரும். அதான் தினம் ஒண்ணா கட்டினேன்."

"சரி. துடுப்புக்கும் பன்னெண்டு பலகைன்னு அமுதவல்லி சொன்னாங்க. அதே கழிவுதானா?"

"அதேதானுங்க."

"இப்போ ஒரே ஒரு துடுப்பு செய்யுங்க. எத்தனை பலகை குறையுதுன்னு பாருங்க."

திரையில் அவள் கிடங்கில் ஐம்பது பலகை இருந்தது. ஜெயபிரியா விரலால் தொட்டாள். துடுப்பு மெல்லச் சுழன்று உருவாயிற்று. கிடங்கில் முப்பத்தேழு என்று காட்டியது.

"பதிமூணு போயிருச்சு" என்றாள் மெதுவாக.

"பன்னெண்டுக்குக் கழிவு அரையை விடக் கொஞ்சம் கூட. அரைக் கல் கிடையாதே, அதனால விளையாட்டு ஒரு முழுக் கல்லை எடுத்துக்குது. பத்தும் சேர்த்துக் கட்டினா மொத்தத்துக்கு ஆறோட போயிருக்கும். தனித்தனியாக் கட்டினதால படகுக்கு ஒண்ணு. பத்துப் படகுக்குப் பத்து. ஆறுக்கும் பத்துக்கும் நடுவுல இருக்கிற நாலுதான் உங்க நாலு கல்லு" என்றார் சோபனா. "யாரும் திருடலை. அமுதவல்லி போட்ட கணக்கும் தப்பில்லை. ஒரே வேலையா நடந்திருந்தா அது சரிதான். இந்த மலையில சிக்னல் அப்படி நிக்காதுன்னு அவங்களுக்குத் தெரியாது."

"நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்" என்றாள் அமுதவல்லி. "எங்கூடப் படகுல வா. ரெண்டு பேரு உக்காரலாம்."

ஜெயபிரியா அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. அவள் தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முனிராஜ் தயக்கத்துடன் கேட்டார். "நீங்க ஏன் எதுவும் சொல்லலை?"

"இவன்தான் எடுத்துட்டான்னு நெனச்சேன். வெளிய தெரிஞ்சா இவனைத் திருடன்னு சொல்லுவாங்களேன்னு வாயை மூடிக்கிட்டேன்."

"அதான் போனுக்குப் பூட்டு மாத்தினியா?" என்றான் முருகேஷ். அவன் குரலில் கோபம் இல்லை. "என்னன்னு கேட்டிருக்கலாமில்ல. என்ன பண்ணினேன்னே தெரியாம காட்டுல கெடந்தேன்."

பள்ளத்தாக்கிலிருந்து பனி ஏறி வந்து சாலையை மூடியது. திரையில் மேகக்கடல் அப்படியே உறைந்து நின்றது. ஜெயபிரியா போனை அணைத்துவிட்டுத் தம்பியின் பக்கம் போய் நின்றாள்.

"காட்டுல குளிரலையாடா?"

"குளிருச்சு" என்றான் அவன்.

அவள் தன் சால்வையை எடுத்து அவன் தோளில் போட்டாள். அவன் அதைத் தள்ளிவிடவில்லை.